கமத்தொழிலும் அதற்கு வேண்டிய பயிற்சியும்

தச்சுத்தொழில் பழக விரும்பும் மகனைத் தந்தை ஒரு தச்சனிடம் கொண்டுசென்று விடுகிறார். வாகனம் ஓட்ட விரும்புவோன் பரீட்சைக்குத் தோற்றி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். கமஞ்செய்யப் புகுவோனுக்கு மாத்திரம் எவ்விதத் தகுதியும் வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. காணி ஒன்று, கிணறு ஒன்று, நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று ஆகிய மூன்றும் இருந்தால் மிகுதியை மழை பார்த்துக்கொள்ளும் என்பதே பலருடைய நம்பிக்கை. எழுதுவினைஞர் பரீட்சையிலும் ஆசிரிய கலாசாலைத் தெரிவிலும் இடங்கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, "சரி, கமத்தையாவது செய்" என்று சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்! அந்த "ஆவது" என்னும் சொல்லில்தான் கேடு முழுவதும் அடங்கியிருக்கிறது. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் முழங்குவோரும் தம் மக்களை வயலுக்கு அனுப்புவதில்லை.

இந்நம்பிக்கை முற்காலத்தில் அத்துணைப் பிழையானதாக இருக்கவில்லை. கமக்காரனுடைய மகன் நடக்கத் தொடங்கிய நாள்முதல் தோட்டத்திலேயே வளர்ந்தான். தந்தை துலாமிதிக்க அவன் பாத்திக்குத் தண்ணீர் கட்டினான். எந்த மேகம் மழை தரும், எந்த மேகம் தராது என்பதை அறிந்தான். குழை புதைப்பதும் பட்டி அடைப்பதும் எப்போது என்பதைக் கேட்காமலே கற்றான். இருபது வயதில் அவன் தனிக்கமஞ் செய்யப் புகுந்தபோது பதினைந்து ஆண்டுப் பயிற்சி அவன் கையில் இருந்தது. அதற்குச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார் இல்லை என்பதனால் அது பயிற்சி அன்று என்று ஆகிவிடாது.

இன்றைய இளைஞனின் நிலை வேறு. அவன் பத்தொன்பது வயது வரையில் பகலைப் பாடசாலையிலும் மாலையைத் தனியார் வகுப்பிலும் கழிக்கிறான். வட பகுதியில் இதனினும் பெரிய முறிவு ஒன்று நிகழ்ந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுடைய செம்மண் தோட்டங்கள், 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னரே சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டு வந்தன. உறுதியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அந்த நிலத்தில் ஒருநாளேனும் மண்வெட்டி பிடித்ததில்லை. காணி கைமாறி வந்தது. காணியைப் பற்றிய அறிவு இடைவழியில் நின்றுவிட்டது. அறுந்துபோன அந்த அறிவை வேறு வழியால் பெற்றுக்கொள்வது எவ்வாறு என்பதே கமத்தொழிலுக்கான பயிற்சி பற்றிய கேள்வி.

பயிற்சியின்மை எவ்வளவு விலை வாங்கும் என்பதற்கு மிளகாய்த் தோட்டம் ஒன்றே போதும். கன்றுகள் செழித்து வந்து பூக்கும் தருணத்தில் இலைகள் சுருளுகின்றன. இளைஞன் திகைத்துப்போய்க் கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் கொடுத்த போத்தலை வாங்கி வந்து தெளிக்கிறான். இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியின் வேலை. மஞ்சள் பாய்ந்து குறுகிச் சுருண்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு நோயாக இருக்கலாம். சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்தது அன்று. ஆதலின் பூச்சிகளுக்கான மருந்து பல வேளைகளில் அதனைக் கொல்லாது. சிற்றுண்ணியைத் தின்று வாழும் நல்ல உயிரினங்களை அம்மருந்து கொன்றுவிடுவதனால் நோய் முன்னையிலும் பெருகுவதுண்டு. வைரசு நோய்க்கோ மருந்தே இல்லை; நோயுற்ற கன்றைப் பிடுங்கி அழிப்பதும் ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி. இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரியாமையினால், தாயின் தாலிக்கொடியை வங்கியில் ஈடுவைத்துப் பெற்ற பணம் ஒரு போகத்துக்குள் மண்ணோடு போய்விடுகிறது. அதன்பின் அந்த இளைஞன் கமம் நட்டமான தொழில் என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டு முகவரைத் தேடிப் புறப்படுகிறான்.

பயிற்சி பெறுவதற்குரிய வாயில்கள் நம் நாட்டில் குறைவு அல்ல. எந்த வாயில் யாருக்குரியது என்பதில்தான் பலருக்கு மயக்கம்.

முதலாவது பாடசாலை. சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் ஒரு பாடமாக இருக்கிறது. உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. 2013ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபோது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்னும் பாடமும் சேர்ந்தது. இப்பாடங்களின் விதானம் குறைகூறத்தக்கது அன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பின்தங்கிய மாணவரை ஒதுக்கிவைக்கும் மூலையாக விவசாய வகுப்பைப் பயன்படுத்தும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. உண்மையில் கமக்காரனைப்போல நாள்தோறும் கணக்குப் பார்க்கவேண்டியவன் வேறொருவன் இல்லை. பாடசாலைத் தோட்டமும் அவ்வாறே. கல்வி அதிகாரி வரும் வாரத்தில் பச்சையாகவும் மற்றைய நாட்களில் புல்லாகவும் கிடக்கும் தோட்டத்தினால் பிள்ளை கற்பது ஒன்றே: அத்தொழிலை யாரும் மெய்யாக மதிப்பதில்லை என்பது.

இரண்டாவது வாயில் விவசாயக் கல்லூரிகள். 1912ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விவசாயத் திணைக்களம் குண்டசாலை, அங்குணுகொலபெலஸ்ஸ, வவுனியா முதலிய இடங்களில் இக்கல்லூரிகளை நடத்துகிறது. தமிழ் மாணவருக்கு வவுனியாக் கல்லூரி மிகவும் பயன்படுவது. உயர்தரத்தில் உரிய பாடங்களுடன் சித்தியெய்தியோருக்கு இங்கு டிப்ளோமாப் பயிற்சி உண்டு. சேர்வதற்கான தகைமைகள் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடப்படும் அறிவித்தலில் விவரமாகக் காணப்படும். அயல்வீட்டார் சொன்னதை நம்பி இருந்துவிடாமல் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். காலையில் வகுப்பறையும் பின்னர் வயலுமாக அமைந்த பயிற்சி இது. இதனை முடித்தோரில் பெரும்பாலோர் விவசாயப் போதனாசிரியர் பதவியை நோக்கியே செல்கின்றனர் என்பது உண்மை. ஆயினும் சொந்தக் கமம் தொடங்க விரும்புவோனுக்கும் இதைவிடச் சிறந்த அடிப்படை கிடைப்பது அரிது. அம்பாறையிலுள்ள ஹார்டி நிறுவனத்திலும் விவசாயத்தில் உயர் டிப்ளோமாக் கல்வி இருக்கிறது.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரையில் பேராதனையிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அமைந்த கிளிநொச்சியிலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. ஆராய்ச்சியாளராகவோ உயர் அலுவலராகவோ வர விரும்புவோருக்கு அது இன்றியமையாதது. கமஞ்செய்வதற்குப் பட்டம் வேண்டும் என்று யாரேனும் கூறினால் அதனை நம்பவேண்டியதில்லை. பட்டம் பெற்றவன் கமஞ்செய்யலாகாது என்று கூறினால் அதையும் நம்பவேண்டியதில்லை.

நான்காவதாக உள்ள ஒரு வழியை நம்மவரிற் பலர் அறியார். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழுபடி ஏணி ஒன்றை நிருவகிக்கிறது. முதல் நான்கு படிகள் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. பயிர் நாற்றுமேடைத் தொழில் போன்றவற்றுக்கும் இதில் இடமுண்டு. இதன் சிறப்பு யாதெனில், வகுப்புக்குச் செல்லாமலே அனுபவத்தால் தொழிலை அறிந்தவரும் தம் திறமையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதனைக் கூறுவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தந்தையோடு தோட்டஞ்செய்த பிள்ளைக்கு இது பெரிய வரப்பிரசாதம். வங்கி முகாமையாளரின் முன்னே வெறுங்கையுடன் நிற்பதற்கும் ஒரு தாளுடன் நிற்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

இவற்றோடு குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையங்களில் ஒருநாள் முதல் சில நாட்கள்வரை நடைபெறும் வகுப்புகள் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, ஒட்டுக்கட்டுதல், சொட்டுநீர்ப் பாசனம் என ஒவ்வொரு பொருளைப் பற்றியனவாக இருக்கும். உழவியந்திரம் வாங்க எண்ணுவோர் அநுராதபுரத்திலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கற் பயிற்சி நிலையத்தைப் பற்றி விசாரித்தல் நன்று. இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் பலர், அதைக் காப்பாற்றத் தெரிந்தவர் சிலரே. வயலில் நின்றபடியே ஐயம் கேட்க விரும்புவோர் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் எந்தக் கிழமையில் இருப்பார் என்பதை அறிந்து, அவருடைய முகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

வாயில்களைக் கூறியாயிற்று. உள்ளே சென்றவன் எவற்றைக் கட்டாயம் கற்றுவரவேண்டும் என்பது அதனினும் முக்கியமானது. அதில் முதலிடம் அளவைக்கு உரியது.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நிலத்தைப் பரப்பினால் கணக்கிடுகின்றனர். பரப்பு என்பது ஒரே அளவு என்று எண்ணிவிடுதல் எளிது. தோட்டக் காணியாகிய வரகுக் காணிக்குப் பரப்பொன்றுக்குப் பதினெட்டுக் குழி. நெற்காணிக்குப் பன்னிரண்டு குழி. ஆகவே ஓர் ஏக்கரில் தோட்டப் பரப்புப் பதினாறு, நெற்பரப்பு இருபத்துநான்கு. திணைக்களத்தின் துண்டுப்பிரசுரமோ ஹெக்டேயரில் பேசுகிறது; ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இனி, ஏக்கருக்கு 100 கிலோகிராம் என்று விதிக்கப்பட்ட ஒரு பசளையை எடுத்துக்கொள்வோம். தோட்டப் பரப்புக்கு 6¼ கிலோகிராம் விழும். நெற்பரப்புக்கு 4 கிலோகிராமுக்குச் சிறிதே அதிகம். முன்னைய கணக்கைப் பின்னைய நிலத்துக்கு இட்டவன் வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு இட்டுவிட்டான். பணம் மாத்திரமா வீண்? நெல் கொழுத்து வளர்ந்து சாய்கிறது. மென்மையான தண்டைத் தேடிக் கபிலநிறத் தத்தி வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய ஒரு பெருக்கல் தவறியதனால் வந்த வினை இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வளவைப்பிழை இன்னொரு பழியையும் சுமக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் மழைநீர் தங்கி நிற்பதே குடிக்கவும் இறைக்கவும் உள்ள தண்ணீர். யூரியாவின் நூறு பங்கில் நாற்பத்தாறு பங்கு நைதரசன். பயிர் உறிஞ்சாத நைதரசன் நைத்திரேற்றாகக் கரைந்து பாறையினூடாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. செறிவாகத் தோட்டஞ்செய்யும் பகுதிகளில் பல கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பால்குடிக் குழந்தைகளுக்கு இந்நீர் பெருந்தீங்கு விளைப்பது. தோட்டக்காரன் அளவறியாது இட்ட பசளை அயல்வீட்டுத் தொட்டிலைச் சென்றடைகிறது.

அளவுக்கு முன்னே செய்யவேண்டியது மண்ணைச் சோதித்தல். இதற்கு மாதிரி எடுப்பதிலும் முறை உண்டு. வரம்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துத் தோட்டத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில், சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரே அளவான மண்ணை வெட்டி எடுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கின்மேற் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்கை நீக்கி, மிகுதியை மீண்டும் அவ்வாறே பிரித்து, அரைக் கிலோகிராம் அளவு எஞ்சும்போது நிழலில் உலர்த்திச் சோதனைக்கு அனுப்பவேண்டும். வாசலடியில் ஒரு பிடி அள்ளி அனுப்பினால் வரும் அறிக்கை வாசலடியைப் பற்றியதாகவே இருக்கும்.

விதையினத்தைத் தெரிவதும் கற்கவேண்டியதொன்று. நம் நாட்டு நெல்லினங்களின் பெயர்களிலேயே பாடம் அமைந்திருக்கிறது. பீ.ஜீ. என்பது பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தையும், ஏ.ரீ. என்பது அம்பலாந்தோட்டையையும், பீ.டபிள்யூ. என்பது பொம்புவலையையும் குறிக்கும். அடுத்துவரும் இலக்கம் பெரும்பாலும் வயதைச் சொல்லும்: பீ.ஜீ. 250 இரண்டரை மாதம், பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 352 மூன்றரை மாதம், பீ.ஜீ. 403 நான்கு மாதம். இரணைமடு போன்ற குளத்தின்கீழ்ச் சிறுபோகம் செய்வோன் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் சென்று, தண்ணீர் எந்நாளில் திறந்து எந்நாளில் நிறுத்தப்படும் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்நாட்களுக்குள் அடங்கும் இனத்தை விதைக்கவேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் கடையிற் கிடைத்த விதையை வீசியவனுடைய கதிர் பால்பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வறண்டுவிடும்.

சந்தையறிவு கல்லூரியில் முழுமையாகக் கிடைப்பது அன்று. ஆயினும் அதன் தேவைக்கு வரலாற்றிற் சான்று உண்டு. படித்து வேலையற்றிருந்த இளைஞர்களை விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் குடியேற்றிய திட்டங்களை மூத்த நேயர்கள் அறிவர். 1970ஆம் ஆண்டின் பின் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டபோது அவ்விளைஞர்கள் காட்டு நிலத்தைப் பொன்விளையும் பூமியாக்கினர். கல்வீடும் உழவியந்திரமும் கண்டனர். 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதிச் சரக்கு வந்து குவிந்தது. செத்தல்மிளகாயின் விலை வீழ்ந்தது. அவர்களது உழைப்பிலோ திறமையிலோ குறைவந்ததில்லை. ஒரே பயிரில் முழு முதலையும் இட்டிருந்தமையே பலரை வீழ்த்தியது. மிக அண்மையில், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் தவித்த கமக்காரர் ஆயிரமாயிரம். கூட்டெரு ஆக்கவும் குழை புதைக்கவும் மாட்டெருவைப் பேணவும் ஏற்கெனவே அறிந்திருந்தோர் முற்றாகத் தப்பினர் என்று சொல்லமுடியாது. எனினும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. அரசாங்கக் கொள்கை எப்போதும் கமக்காரனைக் கேட்டு மாறுவதில்லை.

கணக்கேடு எழுதும் பழக்கத்தையும் இங்கேயே கூறிவிடலாம். விதை, பசளை, மருந்து, எரிபொருள், கூலி ஆகியவற்றை எழுதிவைப்போர் சிலர் உளர். மனைவியும் மக்களும் களைபிடுங்கிய நாட்களை எழுதுவோர் மிக அரியர். அவ்வுழைப்புக்கு ஊரிலுள்ள கூலியை இட்டுப் பார்த்தால், இலாபம் என்று எண்ணப்பட்ட பயிர்கள் சில நட்டமாகத் தெரியவரும். அத்தகைய பயிரை விடுவதா, தொடர்வதா என்பது குடும்பத்தின் முடிவு. தெரியாமல் தொடர்வதுதான் தவறு.

இனி, ஒழுங்கு. பெரும்பாலோர் முதலில் கடன், அடுத்துக் காணி திருத்தல், அதன்பின் பயிர், இடர்வந்தபின் பயிற்சி என்ற முறையிற் செல்கின்றனர். இதனைத் தலைகீழாக மாற்றவேண்டும். டிப்ளோமாவோ சிறு சான்றிதழோ எதைப் பெற்றாலும், கடன்படுமுன் ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் தேர்ந்த கமக்காரர் ஒருவரிடம் கூலிக்கோ கூலியின்றியோ வேலைசெய்தல் வேண்டும். இது தாழ்வு என்று கருதும் பெற்றோர், மருத்துவப் பட்டம் பெற்ற பிள்ளையும் ஓராண்டு வைத்தியசாலையில் மூத்தோரின் கீழ்ப் பணியாற்றிய பின்னரே தனித்து இயங்க அனுமதிக்கப்படுகிறான் என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். தெரிந்தெடுக்கப்படும் கமக்காரர் ஊரில் அதிக நிலமுள்ளவராக இருக்கவேண்டியதில்லை. வறண்ட ஆண்டிலும் கடன்படாதவராக இருத்தல் போதும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வன்னியில் யுத்தத்திற் கணவரை இழந்து தாமே கமத்தை நடத்திவரும் பெண்கள் பலர். அவர்களிடம் தொழில் பழகும் வாய்ப்பை எந்தக் கல்லூரியும் தரமுடியாது.

காணியின் உரித்தையும் அவ்வாண்டிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். உறுதிக்காணியும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியும் ஒன்றல்ல. பின்னையதை நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. குத்தகைக்கு எடுப்போர் எழுத்தில் எடுக்கவேண்டும். கிணறு வெட்டி வேலியடைத்து எருவிட்டுப் பண்படுத்திய பின் காணிக்காரர் திருப்பிக் கேட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

தனியே தொடங்கும் முதலாண்டில் தோட்டமாயின் நான்கைந்து பரப்புக்கு மேற் செல்லாதிருத்தல் நலம். ஒருவன் காலையும் மாலையும் ஒவ்வொரு பாத்தியையும் நின்று பார்க்கக்கூடிய அளவு அதுவே. குடாநாட்டில் காலபோகத்து விதைப்புப் புரட்டாதியில் தொடங்குகிறது. ஆதலின் அவ்வாண்டே பயிரிட எண்ணுவோர் ஆடி மாதத்திலேயே மண்மாதிரியை எடுத்துவிடுதல் வேண்டும். மழை விழுந்து மண் சேறாகிய பின் மாதிரி எடுப்பதும் கடினம், அறிக்கை வந்து சேருமுன் விதைப்புக் காலமும் கடந்துவிடும்.